அரைக் கரண்டி மருந்து

மலைமேல் இருந்த அந்த ஊரில் வருடத்துக்கு மூன்று மாதம் குதிரைப் பந்தயம் நடக்கும். ஓடும்போது கால் முறிந்த குதிரையை அங்கேயே சுட்டுவிடுவார்கள். அந்த வேலைக்கென்று ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் பெயர் பொன்னுரங்கம்.

அதற்கு முன் அவர் முப்பது வருடம் லாயத்தில் இருந்தவர். பனிக்காலத்தில் குதிரைகளுக்குக் கம்பளி போர்த்துவது அவர் வேலை. அவருக்கு யாரும் கம்பளி கொடுத்ததில்லை. அதை அவர் மறக்கவில்லை. முன்பு சுட்டுக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போனதும், "நான் சுடறேன்" என்று தானே போய்க் கேட்டு வாங்கினார். வேலையோடு மைதானத்தின் ஓரத்தில் ஒரு வீடும் கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும்.

துப்பாக்கியைப் பந்தயக் கிளப்பில் கொடுத்தார்கள். ரிவால்வர். அதன் குழல் நாலு விரல் நீளம்தான். கோட்டுக்குள் அடங்க வேண்டும், பந்தயம் பார்க்க வந்தவர்கள் கண்ணில் பட்டு அவர்கள் மனசு சங்கடப்படக் கூடாது என்று பார்த்து வாங்கியிருந்தார்கள். ஆனால் அதில் போடும் தோட்டா பெரியது. காட்டெருமையையும் நிறுத்திவிடும் என்றார்கள்.

சுடக் கற்றுக்கொடுத்தவர் கடைவீதியில் துப்பாக்கி பழுது பார்க்கும் யூனுஸ். தோட்டா கட்டித் தருபவரும் அவர்தான். செப்புக் கரண்டியால் வெடிமருந்தை அளந்து, பித்தளைக் குப்பியில் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்துவார். பொன்னுரங்கத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் சொல்லிக்கொடுத்த குரு என்பதால் பொன்னுரங்கம் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார். யூனுஸ் அவரை அண்ணே என்பார்.

இரண்டு குதிரைகளைச் சுட்ட பிறகு பொன்னுரங்கம் கடைக்கு வந்தார். வலது கையை நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"குதிரை உதைச்சுதா?"

"முப்பது வருஷத்துல ஒரு குதிரை என்னை உதைச்சதில்ல. இது உங்க தோட்டா உதைச்சது."

யூனுஸ் சிரித்தார்.

"சிரிக்காதீங்க உஸ்தாத். ஒரு தடவை சுட்டா ஒரு வாரம் டம்ளர் பிடிக்க முடியல. கை போச்சுன்னா கிளப் செக்ரெட்டரி வேற ஆளை வெச்சுருவான். அவன் அதுக்குத்தான் காத்திருக்கான். கொஞ்சம் சாதுவான தோட்டாவா கட்டிக் குடுங்க."

"குதிரை விழுந்துச்சா?"

"நின்ன இடத்திலேயே விழுந்துச்சு."

"அப்பத் தோட்டா சரியாத்தான் இருக்கு."

"தோட்டா சரியா இருக்கு. கைதான் சரியா இல்ல."

யூனுஸ் ரிவால்வரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"குழல் குட்டைண்ணே. மருந்து முழுக்க எரியறதுக்கு உள்ளே இடம் பத்தல. கொஞ்சம் வெளியே வந்து எரியுது. இருக்கிற பலமே குறைச்சல்தான்."

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது.

"அதைத்தான் நானும் சொல்றேன். சுட்டா முன்னால ஒரு முழத்துக்குத் தீ வருது. வீணாப் போறதுதானே அது? அந்த வீணாப் போறதை மட்டும் எடுத்துருங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

யூனுஸ் மருந்து டப்பாவைத் திறந்தார். பிறகு செப்புக் கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்களே அளங்க."

"எவ்வளவு குறைக்கட்டும்?"

"உங்க கையைக் கேளுங்க."

பொன்னுரங்கம் வீங்கிய கையைப் பார்த்தார். கரண்டியில் பாதி அள்ளினார். மறுபடி கையைப் பார்த்துவிட்டு அதிலிருந்தும் ஒரு சிட்டிகையைத் திருப்பிக் கொட்டினார். குப்பியில் மிஞ்சிய இடத்தில் யூனுஸ் பஞ்சை அடைத்தார். பன்னிரண்டு தோட்டாக்கள் கட்டினார்கள். பார்வைக்கு அவை பழைய தோட்டாக்களைப் போலவே இருந்தன.

கிளம்பும்போது யூனுஸ் சொன்னார்.

"சுட்டதும் வந்துடாதீங்க. குதிரையோட கண்ணை விரலால தொட்டு, இமை அசையுதான்னு பாத்துட்டு வாங்க."

"சரி உஸ்தாத்."

அதற்குப் பிறகு அடுத்தடுத்து நாலு குதிரைகள் விழுந்தன. நாலையும் பொன்னுரங்கம் புதிய தோட்டாவால் சுட்டார். சத்தம், பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்துவது போலத்தான் கேட்டது. மைதானத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செக்ரெட்டரி முதல் முறையாக அவர் தோளைத் தட்டினார்.

"இப்பதான்யா நாகரிகமா சுடறே."

கையில் காயம் ஆறியது. வீக்கம் வடிந்தது. அதே கையால் தேநீர் குடித்தார். வலி இல்லாமல் காரியம் நடந்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

கண்ணை மட்டும் அவர் தொடவில்லை. முதல் குதிரையிடம் குனிந்தபோது அது திறந்த கண்ணோடு கிடந்தது. கம்பளி போர்த்தும்போது பார்ப்பது போலவே பார்த்தது. அவர் நிமிர்ந்துவிட்டார். அடுத்தவற்றிடம் குனியவே இல்லை.

மைதானத்துக்குப் பின்னால் கற்பூர மரத் தோப்பு. அங்கேதான் புதைப்பார்கள். குழி வெட்டுபவன் மூக்கன். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு குதிரையைக் கயிறு கட்டி இழுப்பான். இருட்டுவதற்குள் மண் தள்ளிவிடுவான்.

ஒரு நாள் மத்தியானம் மூக்கன் தேநீர்க்கடையில் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரங்கண்ணே, தோப்புல நாய்ங்களைப் பாத்தீங்களா?"

"நாயைப் பார்க்க எனக்கு எங்கடா நேரம்?"

"முன்னெல்லாம் மூடின மறுநாளே வந்து மண்ணைக் கிளறும். கல்லை விட்டு அடிச்சாலும் போகாது. இப்ப ஒண்ணும் கிட்டவே வரமாட்டேங்குது."

"நல்லதுதானே. உனக்கு வேலை மிச்சம்."

"தூரத்துல வரிசையா உட்காந்திருக்குதுங்க. காதைத் தூக்கிட்டு. மண்ணையே பாத்துட்டு."

"எதுக்கு?"

"எதையோ கேக்குதுங்க அண்ணே."

பொன்னுரங்கம் சிரித்தார்.

"நேத்துச் சாராயம் மிச்சம் இருந்தா எனக்கும் ஊத்துடா. நானும் கேக்கறேன்."

கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மூக்கன் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஐந்தாவதாக விழுந்தது செவலை. பெண் குதிரை. குட்டியாக லாயத்துக்கு வந்தபோது பொன்னுரங்கம்தான் அதற்கு முதல் கம்பளியைப் போர்த்தினார். கடைசி வளைவில் முன்னங்கால் முறிந்து, எழுந்து, மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. அவர் வருவதைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தியது. கடிவாளம் மாட்ட வருகிறார் என்று நினைத்திருக்கும்.

இரண்டு காதிலிருந்தும் எதிர்க் கண்ணுக்குக் கோடு போட்டால் இரண்டு கோடும் சேரும் இடம் ஒன்று உண்டு. யூனுஸ் கற்றுக்கொடுத்த இடம். அந்த இடத்தில் சுட்டார். கதவு சாத்தியது போல ஒரு சத்தம். செவலை விழுந்தது.

தோப்பில் அன்றைக்குக் குழி இறங்கவில்லை. முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியது. மழையும் பிடித்துக்கொண்டது. மூக்கன் செவலையின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினான். ஓரத்தில் கல் வைத்தான். "நாளைக்கு வேற இடத்துல வெட்டிக்கலாம்" என்று எல்லோரும் கலைந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டது. மலையிலிருந்து மஞ்சு இறங்கி மைதானத்தை மூடியது. பொன்னுரங்கம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் மூக்கன் வந்து நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, தார்ப்பாய் கிடக்குது. குதிரை இல்ல."

"யாராவது இழுத்துட்டுப் போயிருப்பானுங்க."

"இழுக்க ஆறு பேர் வேணும். இழுத்த தடமே இல்ல."

"வேற என்ன தடம் இருக்கு?"

"குளம்பு. மூணு குளம்பு."

"எந்தப் பக்கம் போகுது?"

 மூக்கன் மெதுவாகத் திரும்பி, வந்த வழியையே பார்த்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது செவலை நிறமானது.

மூன்று காலில் நின்றது. நாலாவது கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நெற்றியில் குண்டு பட்ட இடத்தை மழை சுத்தமாகக் கழுவியிருந்தது. ஒரு பொட்டு அளவுக்குத்தான் ஓட்டை. குண்டு எலும்பைத் துளைக்காமல் தோலுக்கு அடியிலேயே வழுக்கி ஓடியிருந்தது. காதுக்குப் பக்கத்தில் அது ஒரு கொட்டை மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

கனைக்கவில்லை. தலையை ஆட்டவில்லை. வீட்டைப் பார்த்து நின்றது.

"அண்ணே, இது அதுவா? இல்ல..."

 பொன்னுரங்கம் குதிரையின் மூக்கையே பார்த்தார். மூக்கிலிருந்து ஆவி வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

பேயாக இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே போய் ரிவால்வரை எடுத்து வந்தார். வேலிக்கு அருகே போனார். செவலை தலையைத் தாழ்த்தியது. நெற்றி அவர் நெஞ்சுக்கு நேராக வந்தது. அவர் கை துப்பாக்கியோடு பாதி உயர்ந்து அங்கேயே நின்றது. பிறகு அவர் திரும்பிக் கடைவீதியை நோக்கி ஓடினார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடியதை அந்த ஊர் பார்த்ததில்லை.

யூனுஸ் ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் சொன்னதை முழுக்கக் கேட்டார். 

"நீங்க வந்து சுடுங்க உஸ்தாத். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அந்தத் தோட்டாவுக்கு மருந்தை அளந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் சுடணும்."

"கண்ணைத் தொட்டுப் பாக்கச் சொன்னீங்க. நான் பாக்கல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாத்திருந்தா மீதித் தோட்டாவை அன்னிக்கே திருப்பிக் கொண்டு வந்திருப்பீங்க."

யூனுஸ் ஒரு காலிக் குப்பியை எடுத்தார். கரண்டி நிறைய மருந்து அள்ளினார். குப்பியில் கொட்டினார். குண்டை அழுத்தினார். துடைத்து நீட்டினார்.

"ஒண்ணு மட்டுமா?"

"ஒண்ணு போதும்."

இருவரும் மேடு ஏறினார்கள். மஞ்சில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பொன்னுரங்கம் நடந்துகொண்டே கேட்டார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல உஸ்தாத். சுட்டது நான். என்னைக் கண்டா அது ஓடியிருக்கணும். எதுக்காக என் வீட்டைத் தேடி வரணும்?"

"ராத்திரி மழையில கம்பளி போர்த்த மறந்துட்டீங்கன்னு நினைச்சிருக்கும்."

செவலை அதே இடத்தில் நின்றது. மூக்கன் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி அதற்குத் துணையாக நின்றிருந்தான்.

பொன்னுரங்கம் இந்த முறை தள்ளி நிற்கவில்லை. இடது கையைக் குதிரையின் கழுத்தில் வைத்தார். கழுத்து சூடாக இருந்தது. வலது கையை உயர்த்தினார்.

சத்தம் மலை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கிளப்பின் ஜன்னல்கள் அதிர்ந்தன. யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். தோப்பிலிருந்த காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின.

செவலை மடிந்து விழுந்தது. பொன்னுரங்கம் மண்டியிட்டு அதன் கண்ணை விரலால் தொட்டார். இமை அசையவில்லை. விரலை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தார். அவர் கையிலிருந்து ரத்தம் குதிரையின் முகத்தில் சொட்டியது. ஆறிய இடம் மறுபடி கிழிந்திருந்தது.

"முடிஞ்சுதாண்ணே?" என்றான் மூக்கன்.

"முடிஞ்சுது."

மூக்கன் மண்வெட்டியை எடுக்கப் போனான். யூனுஸ் தன் கைக்குட்டையைக் கிழித்துப் பொன்னுரங்கத்தின் கையில் கட்ட ஆரம்பித்தார். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. தோப்பும் அதில் நாலு புது மண்மேடுகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பொன்னுரங்கம் அவற்றைப் பார்த்தார். 

"உஸ்தாத்."

"சொல்லுங்க."

"அந்த நாலையும் அன்னன்னிக்கே மூடிட்டோம்."

"ம்."

"அதெல்லாம் செத்துத்தானே இருந்திருக்கும்?"

யூனுஸ் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"அந்த நாலு தடவையும் கை வலிச்சுதாண்ணே?"

பொன்னுரங்கம் கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தார்.