இருபத்துமூன்று கற்கள்

மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் ஆறுமாக இருந்த ஒரு காட்டில், விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து தினை பயிரிட்டு வந்தன. மொத்தம் நாற்பது சால். ஆடியில் விதைத்து ஐப்பசியில் அறுக்கும். தானியத்தைக் குழியில் கொட்டி மூடிவைத்து, மழைக்காலம் முழுவதும் உண்ணும்.

ஆனால் தண்டுப்புழு விடவில்லை. வருடந்தோறும் நாற்பது சாலில் பதினாறு சால் புழுவுக்கே போயிற்று.

அணிலுக்கு எதிலும் ஆசை அதிகம். ஒரு வருடம் அது ஆற்றைத் தாண்டிப் போய், வாய் நிறைய விதையோடு திரும்பியது. அப்படிப் பதினொரு நடை போய்வந்தது.

"மனிதர்களின் விதைப் பண்ணையிலிருந்து கொண்டுவந்தேன்," என்றது அணில். "விதைக்குள்ளேயே ஏதோ மாற்றி வைத்திருக்கிறார்கள். புழு தண்டைக் கடித்தால் புழுதான் சாகும். பயிருக்கு ஒன்றும் ஆகாது."

மயிலுக்கு எதிலும் சந்தேகம் அதிகம். "புழுவைக் கொல்வது நம்மைக் கொல்லாதா?" என்று கேட்டது.

"புழுவின் வயிறு வேறு, நம் வயிறு வேறு, மயிலண்ணா."

"வேறு என்று நீ உள்ளே போய்ப் பார்த்தாயா?"

"வேறில்லை என்று நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் பார்க்கவில்லை. அதனால் தின்னமாட்டேன் என்கிறேன். நீயும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லோரையும் தின்னச் சொல்கிறாய்."

"பதினாறு சால் போகிறதே, அதை யார் தருவது? உங்கள் தோகையா?"

கடமான் அந்தக் காட்டின் தலைவர். சண்டை என்றால் அதற்குப் பிடிக்காது. எதுவானாலும் சீக்கிரம் முடிந்துவிட வேண்டும்.

"போதும்," என்றது கடமான். "கிழக்கே ஒன்பது சாலில் புது விதை. மேற்கே முப்பத்தொரு சாலில் பழைய விதை. அறுத்ததும் தனித்தனிக் குழியில் போடுங்கள். புதியதை மூன்று அணில்கள் மட்டும் ஒரு வருடம் தின்னட்டும். அவற்றுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு மற்றவர்கள் முடிவு செய்யலாம். அதுவரை ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. கலப்பவருக்கு இந்தக் காட்டில் இடமில்லை."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அறுவடை முடிந்தது. இரண்டு குழிகளும் நிறைந்தன.

மார்கழியில் அந்தத் துன்பம் வந்தது. முயலுக்கு ஐந்து குட்டிகள். மேற்குக் குழியின் பழைய தினையைத் தவிர வேறு தானியத்தை முயல் அவற்றுக்குக் கொடுத்ததில்லை. மூன்றே நாளில் நான்கு குட்டிகள் வயிறு நொந்து இறந்தன. ஒன்றுதான் பிழைத்தது.

முயல் சபைக்கு வந்தது. அது அழவில்லை. "ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்," என்றது.

யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒரு தாயிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவும் இல்லை.

மயில் முன்னால் வந்தது. "பழைய தினையை எத்தனையோ வருடமாகத் தின்கிறோம். யாரும் செத்ததில்லை. யாரோ புதியதை அதில் கலந்துவிட்டார்கள். மூன்று நாளுக்கு முன் அந்தி நேரத்தில் அழுங்கு மேற்குக் குழியைத் தோண்டியதை நான் வாகை மரத்திலிருந்து கண்டேன்."

குழந்தைகளே, அழுங்கு என்பது உடம்பெல்லாம் ஓடு போன்ற செதில்கள் உள்ள பிராணி. எறும்பும் கறையானும்தான் அதன் உணவு. அதற்குக் கூச்சம் அதிகம். யாராவது சத்தம் போட்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும்.

சபையில் எல்லோரும் ஒரே சமயத்தில் அதன் பக்கம் திரும்பினார்கள். அழுங்கு சுருண்டுகொண்டது.

"பாருங்கள், முகத்தை மறைக்கிறான்," என்றது ஒரு காடை.

"தினையே தின்னாதவனுக்குத் தினைக் குழியில் என்ன வேலை?" என்றது மயில்.

"சொல்லப்பா, தலையைத் தூக்கிப் பேசு," என்றது கடமான். குரல் உயர உயர, அழுங்கின் செதில்கள் இன்னும் இறுக மூடிக்கொண்டன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றத்தைக் கண்ணால் கண்டவர், வாகை மரத்தடியில் ஒரு கல் வைக்க வேண்டும். ஏழு கல் சேர்ந்தால் குற்றம் உறுதி. முன்காலத்தில் கண்டவர் மட்டுமே வைத்தார்கள். பிறகு, கண்டவரிடம் கேட்டவரும் வைத்தார்கள். கேட்டவரிடம் கேட்டவரும் வைத்தார்கள். வைத்த பிறகு எது யாருடைய கல் என்று தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மயில் ஒரு கல் வைத்தது. கிளிகள் பதினான்கு கல் வைத்தன. காடைகள் நான்கு. முயல் ஒன்று.

அணில் யோசித்தது. 'விதைதான் கெட்டது என்று சொன்னால், கொண்டுவந்தவன் நான். கலந்ததுதான் குற்றம் என்று சொன்னால், கலந்தவன் அவன்.' அது தன் இரண்டு தம்பிகளோடு வந்து மூன்று கல் வைத்தது.

வருடம் முழுவதும் எதிலும் ஒத்துப்போகாத மயிலும் அணிலும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின.

கடமான் கற்களை எண்ணியது. இருபத்துமூன்று.

உடும்பு மட்டும் கல் வைக்காமல் நின்றது. "உன் கல் எங்கே?" என்று கடமான் கேட்டது.

"நான் ஒன்றும் காணவில்லை, தலைவரே."

"இருபத்துமூன்று பேர் கண்டிருக்கிறார்கள். உன் ஒரு கல் இல்லாவிட்டால் குறைந்துபோகாது," என்றது கடமான்.

ஆற்றின் நடுவில் ஒரு பாறைத்திட்டு உண்டு. மண் இல்லை, மரம் இல்லை. பாறை இடுக்கில் இரண்டே இரண்டு எறும்புப் புற்றுகள். சுற்றிலும் மழை வெள்ளம். கடமான் அழுங்கைத் தன் முதுகில் ஏற்றி, நீந்திக் கொண்டுபோய் அங்கே விட்டுவந்தது. புதுத் தினை முழுவதையும், விதைக்கு வைத்திருந்ததையும், மேற்குக் குழியில் அழுங்கு தோண்டிய மூலையிலிருந்த தினையையும் சேர்த்து, ஆற்றில் கொட்டினார்கள். காடு அமைதியாயிற்று.

அழுங்கை விட்டுவந்த இருபத்தொன்றாம் நாள், காடையின் குஞ்சு ஒன்று வயிறு நொந்து இறந்தது. மறுநாள் இன்னொன்று.

உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது. அது அன்றே கிளிகளிடம் போயிற்று.

"அழுங்கு கலந்ததை நீங்கள் கண்டீர்களா?"

"கண்டோம், கண்டோம்."

"எங்கிருந்து?"

"மரத்திலிருந்து."

"எந்த மரம்?"

"மயிலண்ணா சொன்ன மரம்."

உடும்பு காடைகளிடம் போயிற்று. "அண்ணே, பதினான்கு கிளிகள் வைக்கும்போது நாங்கள் மட்டும் சும்மா நின்றால் என்ன நினைப்பார்கள்?" என்றது மூத்த காடை. குஞ்சுகளை இழந்தது அதுதான்.

அணில் மரத்தின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டது. உடும்பு அடிமரத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடந்தது. இரண்டாம் நாள் அணில் இறங்கிவந்து, "பழி யார் மேலாவது விழத்தான் போகிறது, என் மேல் விழாவிட்டால் சரி என்று இருந்துவிட்டேன்," என்றது.

கடைசியாக உடும்பு மயிலிடம் போயிற்று.

"நான் பொய் சொல்லவில்லை," என்றது மயில். "அவன் தோண்டியதைக் கண்டேன்."

"தினையைத் தொட்டானா?"

"முதுகுதான் தெரிந்தது."

"கிழக்குக் குழியிலிருந்து எதையாவது கொண்டுவந்தானா?"

"அதை நான் காணவில்லை."

"அப்படியானால் கலந்தான் என்று எப்படிச் சொன்னீர்கள்?"

"புது விதை கெடுதல் செய்யும் என்று நான் முதலிலிருந்தே நம்பினேன்," என்றது மயில். "குட்டிகள் செத்ததும், நான் சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தேன்."

உடும்பு மேற்குக் குழிக்குள் இறங்கியது. மேலே தினை நன்றாகத்தான் இருந்தது. அடியில் முக்கால் முழ ஆழத்துக்குக் கறுத்துப்போய், பூசணம் பிடித்து நாறியது. அள்ளும்போது அடித் தினையும் சிறிது சேர்ந்து வந்திருந்தது; பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள், பிஞ்சு வயிறுகள் தாங்கவில்லை. குழியின் சுவரில் கறையான் துளைத்த வழிகள் பதினேழு இருந்தன. மழைத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் கசிந்து இறங்கியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் கறையான் இல்லை. அங்கே அழுங்கின் நகத் தடம் இருந்தது. மற்ற மூலைகளுக்கு அது வருவதற்குள் பாறைத்திட்டுக்குப் போய்விட்டது.

இப்படி ஒன்பது நாள் அலைந்த பிறகு உடும்பு சபையைக் கூட்டியது. கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னது. "தலைவரே, புதுத் தினையில் ஒரு மணிகூட இப்போது காட்டில் இல்லை. பிறகு காடைக் குஞ்சுகள் எப்படிச் செத்தன?"

கடமான் தரையைப் பார்த்தது. "கல் வைத்தாகிவிட்டது. வைத்த கல்லை எடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை."

"வழக்கம் இல்லையென்றால் அவன் அங்கேயே சாக வேண்டியதுதானா?"

முயல் எழுந்தது. மரத்தடிக்குப் போய் ஒரு கல்லை எடுத்தது.

"என் பிள்ளைகள் செத்தது மெய்," என்றது. "அவன் கொன்றதை நான் காணவில்லை. துக்கத்தில் வைத்துவிட்டேன்."

காடைகள் நான்கு கல் எடுத்தன. அணில்கள் மூன்று. கிளிகள் பதினான்கு. மரத்தடியில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. மயில் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

அப்போது அணில் மெல்லச் சொன்னது: "அப்படியானால் என் விதை நல்லதுதானே."

"அது எனக்குத் தெரியாது, தம்பி," என்றது உடும்பு. "அதைத்தான் ஒரு வருடம் பார்ப்பதாக இருந்தோம். பார்த்து முடிப்பதற்குள் ஆற்றில் கொட்டிவிட்டோம். இப்போது நல்லது என்று நீயும் சொல்ல முடியாது. கெட்டது என்று மயிலும் சொல்ல முடியாது."

அதற்குள் கடமானாலும் நீந்த முடியாதபடி வெள்ளம் ஏறியிருந்தது; அது வடிய ஆறு நாள் ஆயிற்று. அழுங்கை விட்டுவந்த முப்பத்தெட்டாம் நாள், கடமான் மறுபடி ஆற்றில் இறங்கியது. மற்றவர்கள் கரையில் காத்து நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து, கடமான் நீந்தி வருவது தெரிந்தது. அதன் முதுகில் அழுங்கு இருந்தது. உயிர் இருந்தது. கரை ஏறியதும் கடமான் ஒன்றே ஒன்றுதான் சொன்னது: "போகும்போது இருந்த கனத்தில் பாதிகூட இல்லை."

முயல் அழுங்கின் அருகில் போய் உட்கார்ந்தது. "தம்பி, நானும் உன்மேல் கல் வைத்தேன்," என்றது.

"தெரியும், அக்கா," என்றது அழுங்கு. குரல் கேட்பதே அரிதாக இருந்தது. "உன் குட்டிகள் என் வாலைப் பிடித்து இழுத்து விளையாடும். நான்கும் போய்விட்டன என்று கேட்டபோது எனக்கும் அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குள் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டீர்கள்."



பசியில் அழுங்கு பக்கத்திலிருந்த ஒரு கறையான் புற்றுக்குத் தள்ளாடிப் போய் முன்காலை வைத்தது. புற்று உடையவில்லை. மறுபடியும் வைத்தது. மண் சிறிது உதிர்ந்தது, அவ்வளவுதான். பாறையைச் சுரண்டிச் சுரண்டி அதன் நகங்கள் அடிவரை தேய்ந்திருந்தன. அது காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது.

அன்று முதல், கல் வைத்தவர்கள் முறை வைத்துக்கொண்டு அழுங்குக்குப் புற்று உடைத்துக் கொடுத்தார்கள். மயிலுக்கு ஒரு நாள். அணில்கள் மூன்றுக்கும் மூன்று நாள். காடைகளுக்கு நான்கு நாள். கிளிகள் பதினான்கும் சேர்ந்து கொத்தினால்தான் ஒரு புற்று உடையும் என்பதால் அவற்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாள். தீர்ப்புச் சொன்ன கடமானும் ஒரு நாள் ஏற்றுக்கொண்டது.

முதல் நாள் முயலுடையது. பழக்கமில்லாத வேலை. கறையான்கள் மூக்கிலும் காலிலும் ஏறிக் கடித்தன. அது நிறுத்தவில்லை.

"இவ்வளவு போதுமா, தம்பி?" என்று கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டு, அக்கா," என்றது அழுங்கு.

நீதி: எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிப் பழி சுமத்தாதே, அவர்களில் கண்டவர் யார், கண்டது எவ்வளவு என்று முதலில் கேள்.