கம்ப்யூட்டர் எண்ணாத இடம்

ஒரு தையல் கடையில் கிழக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. எம்ப்ராய்டரி மெஷினுக்கு வேலை சொல்வது அதுதான். வேறு யார் சொன்னாலும் அந்த மெஷின் கேட்காது, அவ்வளவு பிடிவாதம்.

ஒருநாள் கம்ப்யூட்டருக்குள் டிசைன்களைச் சேமித்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க் கடகடவென்று மூச்சிழுக்க ஆரம்பித்தது. கடைக்காரி பிலோமி, மெக்கானிக் அன்வரைக் கூப்பிட்டாள்.

"புது டிஸ்க் இதுக்குச் சேராதுக்கா. பழைய கேமரா கார்டு இருந்தா மாட்டிரலாம். ஆனா அதுல உள்ளதெல்லாம் போயிரும்."

பிலோமி டிராயரைத் துழாவி ஒரு மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் கேமராவில இருந்தது. அவர் இருந்தப்பவே எல்லாப் படத்தையும் பிரிண்ட் போட்டாச்சு. மாட்டுங்க தம்பி."

கார்டுக்குப் பகீரென்றது. எல்லாம் எங்கே போட்டார்கள்? கடைசியாக எடுத்த ஒரு படம் அதனிடமே தங்கிவிட்டதே. ஒரு பெண் தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிற படம். எடுத்த மனுஷன் மறுவாரமே கண்ணை மூடிவிட்டார். அதை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

அன்வர் அதைக் கம்ப்யூட்டருக்குள் சொருகினான். கார்டு விம்மியது.

"ஏன் அழுவுற?" என்றது கம்ப்யூட்டர்.

"ஒரு படம் வச்சிருக்கேன். நீ அழிச்சிருவே."

"உனக்குள்ள எவ்வளவு இடம்?"

"எட்டாயிரம் மெகாபைட்."

"அடேயப்பா! எனக்கு ஐந்நூறுக்கு மேல எண்ணவே வராது. படம் எங்க இருக்கு?"

"கடைசிக்கோடியில."

"அப்புறம் என்ன? ஐந்நூறு வரைக்கும் எனக்குக் கொடு. அதுக்கு அந்தப் பக்கம் எனக்குக் கண்ணே தெரியாது. நான் எப்படித் தொடுவேன்?"

கார்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒதுக்கிய இடத்தில் பழைய டிஸ்க் தன் டிசைன்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தது. மயில், மாங்காய், பள்ளிக்கூடத்து முத்திரை. "தாமரையில ரெண்டு இதழ் என்கிட்டயே தேஞ்சு போச்சு. மன்னிச்சுக்கோப்பா," என்றது. பிறகு அடங்கிவிட்டது. இத்தனை வருஷம் சுற்றிய உடம்பு, பாவம்.

மறுநாள் மெஷின் ஓடியது. பிலோமி எதிரே உட்கார்ந்து, வாயே திறக்காமல் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"சிரிச்சுக்கிட்டே இருக்காங்க."

"யாரு அது?"

"உன் எதிர்ல உட்கார்ந்திருக்காங்களே, அவங்கதான்."

"இந்தக் கடைக்கு வந்த நாலு வருஷமா இந்த முகத்துக்கு எதிர்லதான் இருக்கேன். ஒருநாள்கூடச் சிரிச்சுப் பார்த்ததில்லையே," என்றது கம்ப்யூட்டர்.

"அதனாலதான் வச்சிருக்கேன்," என்றது கார்டு. "என்னைக்காவது தேடுவாங்க. அப்போ கொடுக்கணும்ல."