எடைமேடையில் அடுப்பு வண்டி

"வண்டி நல்லா இழுக்குதும்மா. ஆனா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார் தணிகாசலம்.

மடத்துக் குரு பூரணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களைப் போலவா?"

மடத்துச் சமையல்காரி பாக்கியம் களுக்கென்று சிரித்தாள். தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் போகவில்லை.

மலைக்கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே சுடச்சுடச் சோறு போடவேண்டும் என்று அவருக்கு ஆசை. இரும்புக்கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்ததே அதற்குத்தான். ஒரு பிக்கப் வாங்கினார். பின்னால் இழுத்துப் போக, சக்கரம் வைத்த ஒரு சமையலறையையும், ஓர் அடுப்பு வண்டியை, செய்யச் சொன்னார். அதன் மூக்கு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். பார்க்க அவ்வளவு அழகு.

எவ்வளவு எடை இழுக்கும் என்று பத்துப் பேரிடம் கேட்டுத்தான் வாங்கினார். முதுகு எவ்வளவு தாங்கும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

"வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்பினா, முன் சக்கரம் தரையில இருக்கா இல்லையான்னே தெரியல. நேராப் போகுதும்மா. இது சமதரையில. மலைப்பாதையில ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கத்தை நினைச்சாலே..."

"வண்டியில என்னென்ன இருக்கு?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், தண்ணீர்த் தொட்டி, கிரைண்டர், கேஸ். அப்புறம் குண்டாக்கள். அன்னதானத்துக்கு வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். கொடுத்த ஒவ்வொருவரும் தங்கள் பெயர் வெட்டிய பாத்திரம் மலையேற வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தணிகாசலம் எல்லாரிடமும் சரி என்று சொல்லியிருந்தார்.

"எத்தனை குண்டாவுலய்யா நான் சமைப்பேன்?" என்றாள் பாக்கியம். "மூணு போதும். மிச்சமெல்லாம் சும்மா ஊர்வலம் வருது."

"நீ சும்மா இரு பாக்கியம். கொடுத்தவங்க மேல வந்து பாப்பாங்க. என் பாத்திரம் எங்கேன்னு கேட்டா, நான் மூஞ்சியை எங்க வச்சிக்கறது?"

அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எடை போட்டுப் பாருங்க. வரம்புக்குள்ள இருந்தா நாளைக்கு மலையேறுவோம். இல்லேன்னா இல்ல."

அவ்வளவுதான். அம்மா அதற்கு மேல் பேச மாட்டார். ஒரு வார்த்தை சொன்னால் அதற்குள் எல்லாம் இருக்கும் என்பது தணிகாசலத்துக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் உடனே தெரியாது.

மறுநாள் விடிந்ததும் சாமான்களை ஏற்றி, பரிமாற இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் புறப்பட்டார்கள். மலையடிவாரத்து எடைமேடையில் தணிகாசலம் பிக்கப்பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினார். அடுப்பு வண்டியின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நின்றன. மூக்கின் பாரம் முழுக்க பிக்கப்பின் மேல்தான்.

எடை அறைக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

"வண்டியில எழுதியிருக்கிற வரம்புக்கு மேல முந்நூறு கிலோ சாமி" என்றார் எடை போடுபவர்.

தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. பார்வை தானாகப் பின் சீட்டுக்குப் போனது.

"என்னை ஏன்யா பாக்குறீங்க?" என்றாள் பாக்கியம்.

"கொஞ்சம் இறங்கேன். பரிமாற வந்தவங்களும் இறங்குங்க."

பாக்கியமும் கூட வந்த இரண்டு பெண்களும் இறங்கினார்கள். தணிகாசலமும் இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கூடுதல். உள்ளே அம்மா மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

குருவை எப்படி இறங்கச் சொல்வது? வண்டி ஜன்னலோரம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அம்மா... ஒரு நிமிஷம்..."

ஒரு கேள்வியும் கேட்காமல் அம்மா இறங்கினார். சேலையை உதறிச் செருகிக்கொண்டு, பாக்கியத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"இப்ப சரியா இருக்கு" என்று எடை போடுபவர் எடைச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

தணிகாசலம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பாத்திரம்கூட இறக்கவில்லை! ஒருவர் மனசும் நோகவில்லை!

"பாருங்கம்மா, வரம்புக்குள்ள வந்துடுச்சு!"

அம்மா சீட்டை வாங்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ரொம்ப நாள் கழித்து வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

"அப்ப வண்டியை அனுப்பிடுவோம்."

"அனுப்புறதா? யாரும்மா ஓட்டுறது?"

அம்மா மெல்ல நடந்து வந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, விருந்தாளிக்குப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார்.

தணிகாசலம் கூச்சத்தோடு படியில் ஒரு காலை வைத்து ஏறினார்.

"சாமி, கூடுது!" என்று எடை அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

காலை எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் இறங்கின.

மறுபடி ஏறினார். எண்களும் ஏறின.

அம்மா கதவை விடவே இல்லை.

தணிகாசலம் இறங்கினார். சீட்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். வெயிலில் நிற்கும் அந்த நாலு பெண்களையும் பார்த்தார்.

பிறகு அடுப்பு வண்டியின் பின்பக்கம் போய்க் கதவுக் கொக்கியைக் கழற்றினார்.

"பாக்கியம், வந்து ஒரு கை பிடி. எந்த மூணு வேணும்னு நீயே சொல்லு."