என்ஜினுக்குப் பவுடர்

"நான் என்ன கொறை வெச்சேன், வாத்தியாரே?"

கேட்டவர் சென்னியப்பன். காதோரம் நரைத்தவர். வாத்தியார் மேகலாவுக்கோ முப்பதுகூட ஆகவில்லை.

தாராபுரம் ரோட்டில் பைக் கழுவும் கடை வைத்திருக்கிறாள் மேகலா. அவளிடம் தொழில் பழகியவர்கள் தனிக்கடை போட்டால், முதல் வண்டியை அவள்தான் வந்து கழுவித் தரவேண்டும். அது அங்கே வழக்கம். அவள் வராமல் யாரும் கடை திறந்ததில்லை.

"கொட்டகை போட்டாச்சு. போர்டு எழுதியாச்சு. வெள்ளிக்கிழமை வந்து தொறந்து வையுங்கன்னா, பொறுங்க பொறுங்கங்கறீங்க. என்ர வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிட்டா!"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்கண்ணா."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

மேகலா திரும்பினாள். தொட்டிலில் தூங்கும் தன் கைக்குழந்தையின் மேல் உட்காரவந்த ஈயை விரட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் பால்காரர் நாச்சிமுத்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏப்பா சென்னியப்பா, போன வாரம் நீ இதைக் கழுவுனியா, இல்ல கும்புட்டு அனுப்புனியா? குனிஞ்சு பாரு!"

சென்னியப்பன் குனிந்தார். என்ஜினுக்குப் பின்பக்கம், வரிவரியான மடிப்புகளுக்கு அடியில், தோசைக்கல் ஓரத்தில் படிந்த கரியைப் போல ஆயில் பிசுக்கு.

"நல்லாத்தானுங்களே எடுத்தேன்."

"நல்லா எடுத்த லட்சணம்! இந்த அழகுல தனிக்கடை வேற."

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கை நுழையாத இடம் அது. ஒரு பழைய பல் பிரஷ்ஷைத் தீயில் வாட்டி, கொக்கிபோல வளைத்து வைத்திருந்தார். அதை டீசலில் தொட்டு உள்ளே விட்டார். பிசுக்கு இளகியது. பழைய பனியனை நாடாவாகக் கிழித்து மடிப்புக்குள் நுழைத்தார். இரண்டு முனையையும் பிடித்துத் தயிர் கடைகிற மாதிரி இழுத்தார். சோப்புத் தண்ணீர் விட்டார். காற்றடித்து ஈரம் போக்கினார்.

"இப்பப் பாருங்க, வாத்தியாரே."

மேகலா டார்ச் அடித்துப் பார்த்தாள். புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது.

"இவ்வளவு சுத்தமா எனக்கே வராதுங்கண்ணா. அந்த பிரஷ்ஷைக் கொஞ்சம் காட்டுங்க." வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே அசந்துபோயிருந்தாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

மேகலா எழுந்தாள். குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்துவந்து, அவர் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்த இடத்தில் புஸ்ஸென்று அடித்தாள்.

"ஐயோ! ஏனுங், இத்தனை பாடுபட்டேனே!"

நாச்சிமுத்து சிரித்தார். "அப்படியே திருஷ்டிப் பொட்டும் வெச்சு உடு, ஆத்தா."

"இதே வண்டியில சந்தை வரைக்கும் போயிட்டு வாங்கண்ணா," என்றாள் மேகலா சென்னியப்பனிடம்.

முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பி வந்தார். டார்ச்சை வாங்கிக் குனிந்தார்.

வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி அளவுதான். என்ஜினின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்திலிருந்து ஈரமாக இறங்கியிருந்தது.

விரலால் தொட்டார். ஆயில்.

 வளைத்த பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தார். அதைக் கீழே வைத்தார்.

"நாச்சிமுத்தண்ணா, இந்த வண்டியை இனி எங்கிட்டக் கொண்டாராதீங்க."

"என்னப்பா, ஒரு வார்த்தை சொன்னா இப்படிக் கோவிச்சுக்கறே?"

"கோவமில்லீங்ண்ணா. நேரா மெக்கானிக் கடைக்கு உடுங்க. ரெண்டு பாகத்துக்கும் நடுவுல இருக்கற பேக்கிங் போயிருச்சு, ஆயில் கசியுது; எத்தனை தேச்சாலும் திரும்பப் பிசுக்கு ஏறும். மொதல்ல அதை மாத்துங்க. கழுவறதை அப்புறம் பாத்துக்கலாம்."

மேகலா பவுடர் டப்பாவை மூடினாள்.

"ஏனுங்கண்ணா, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?"