கண்ணாடிப் பெட்டி துடைத்த மருதாயி அம்மையார்

திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனை. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை வைத்துக் காக்கும் பிரிவில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்து வந்தார் மருதாயி அம்மையார். பின்தெருவிலுள்ள சிறிய கோயிலில் தாயுமானவரை வணங்கிய பிறகே பணிக்கு வருவார். தவித்த பெண்ணொருத்திக்குத் தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்த பெருமானல்லவா அவர்! முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே நுழைவது அம்மையாருக்குச் சந்நிதி புகுவது போலத்தான். "சாமி, நல்லாத் தூங்குனீங்களா?" என்று ஒவ்வொரு பெட்டியிடமும் கேட்டுக்கொண்டே துடைப்பார். "பெட்டிப் பூசாரி வந்தாச்சு" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அம்மையாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார்.

அவருக்கும் முன்பு ஏழாம் மாதத்தில் ஒரு மகள் பிறந்தாள். இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வலிப்பு வந்து, மூன்றாம் நாளே போய்விட்டாள். "பிள்ளையப் பறிச்ச சாமிக்குப் பூ ஒரு கேடா?" என்று நாத்தனார் சீறினார்.

"அவரு பறிக்கல அண்ணி. என்னால தூக்க முடியலன்னு அவரு வாங்கிக்கிட்டாரு" என்றார் அம்மையார். மறுநாளும் பூக் கொண்டுபோனார்.

ஒரு நாள் காலை. கோகிலா என்ற பெண்ணின் குழந்தை பெட்டிக்குள் கிடந்தது. ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய எடை. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு இராது. பம்பின் குழாய் வழியே குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். குதிகாலில் குத்தி ஆறு மணிக்குச் சோதித்தபோது அளவு சரியாகவே இருந்தது.

எட்டரை மணிக்கு அம்மையார் அந்தப் பெட்டியின் பக்கவாட்டைத் துடைத்தார். விரல் பிசுபிசுத்தது. மறுபடி துடைத்தார். மறுபடியும் பிசுபிசுப்பு. வெறும் தண்ணீர் இப்படி ஒட்டாதே! உள்ளே பார்த்தார். குழந்தையின் கால்கள் துணிபோலத் துவண்டிருந்தன.

"ரெஜினா சிஸ்டர், குளுக்கோஸ் வெளிய ஒழுகுது. கொஞ்சம் வாங்க."

புதிதாக வந்த குழந்தையோடு போராடிக்கொண்டிருந்த ரெஜினா எரிச்சலோடு திரும்பினார். "பம்பு நல்லாத்தானே ஓடுது? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? தொடச்சிட்டுப் போங்க."

"போக மாட்டேன் சிஸ்டர். என்னைத் திட்டுங்க, அடிங்க. ஒரு தடவை குத்திப் பாத்துடுங்க. என் சாமி சோந்து கெடக்கு."

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் ரெஜினாவை எழுப்பிக் கொண்டுவந்தது. குதிகாலில் ஒரு துளி எடுத்தார். நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாத சர்க்கரை, இருபத்து மூன்று! "டாக்டர்!" என்று கத்தினார். டாக்டர் பர்வீன் ஓடிவந்தார். குழாயின் இணைப்பு தளர்ந்து, குளுக்கோஸெல்லாம் பெட்டியின் வெளிப்புறமாக வழிந்திருந்தது. இணைப்பை இறுக்கி, குளுக்கோஸை ஊசிக்குழலில் எடுத்து மெல்லச் செலுத்தினார்கள். அம்மையார் ஈரத்துணியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றார். அரை மணி கழித்து அறுபது. குழந்தை முகத்தைச் சுளித்துப் பூனைக்குட்டிபோல அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் அம்மையாருக்கும் கண்ணீர் வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா வலிப்பு வந்திருக்கும்மா" என்றார் டாக்டர். ரெஜினா அம்மையாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

மாலை, பணி முடித்து அம்மையார் கோயிலுக்குச் சென்றார். அவரையும் குருக்களையும் தவிர வேறு யாரும் இல்லை. கற்பூரம் ஏற்றியபோது, "அம்மா!" என்று ஒரு மழலைக் குரல் தெளிவாகக் கேட்டது.

குருக்கள் தட்டோடு திரும்பினார். "கொழந்த யாரையாவது கூட்டிண்டு வந்தேளா?"

"இல்லீங்க சாமி. என்னை அப்படிக் கூப்பிட ஆளே கெடையாது."

இருவரும் கருவறையைப் பார்த்தார்கள். அம்மையார் அப்படியே தரையில் விழுந்து வணங்கினார். எல்லோருக்கும் தாயான பெருமானே அம்மா என்றழைக்கும் பேறு பெற்ற மருதாயி அம்மையாரின் அன்பு வாழ்க!