வெண்பனியில் விழுந்த காலடி

மேகங்கள் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் மலை உச்சியில், முன்னொரு காலத்தில் சிகரவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான், அதை யாராலும் மாற்ற முடியாது.

ஒரு வருஷம் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. தெருவெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பனி. உப்பரிகையில் நின்று பார்த்த ராஜாவுக்கு மனம் சொக்கிப்போயிற்று.

"பால் கடலே நம் ஊருக்குள் வந்துவிட்டது! இதில் யாரும் கால் வைக்கக் கூடாது, மண்வெட்டியும் படக் கூடாது. மீறினவனை நாடு கடத்துவேன்" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

பக்கத்தில் நின்ற வீதி அதிகாரி மகரகேதுவுக்கு ஒரே குளிர்ச்சி. பனி அள்ளும் வேலை அவருடையது. அது இல்லாமல் போனால் கசக்குமா?

"ஆகா, மகாராஜாவின் ரசனையே ரசனை" என்றார்.

மந்திரி அரியநாயகருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார்.

"மகாராஜா, விறகுக்கிடங்கு ஊருக்குக் கீழே இருக்கிறது. கிணறும் அங்கேதான். ஜனங்கள் எப்படிப் போவார்கள்?"

"இரண்டு நாள் பொறுக்கட்டும், அமைச்சரே. பனி தானாக உருகும்."

"மந்திரியாருக்கு எதிலும் குறை கண்டால்தான் தூக்கம் வரும்" என்றார் மகரகேது. வெகுநாளாக அவருக்கு மந்திரி பதவி மேல் ஒரு கண்.

மறுநாள் விடியற்காலையில் பனி நின்றது. அப்போது மொட்டைமாடிக்கு மொட்டைமாடி குரல் கொடுத்து ஒரு சேதி மந்திரி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கம்பளத்தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி செங்கமலம் ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். வயசான கால்கள், இந்தப் பனியில் பத்தடி தாண்டாது.

ராஜா தூக்கத்தில் இருந்தான். எழுப்பினால் கோபம்தான் வரும், அனுமதி வராது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்த அரியநாயகர் சட்டென்று நின்றார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தன் வீட்டையும் அரண்மனையையும் இணைக்கும் கூரை போட்ட நடை வழியாக அரண்மனை வாசலுக்குப் போய், அங்கிருந்து பனியில் இறங்கி மருத்துவச்சி வீட்டுப்பக்கம் நடந்தார். பிறகு கம்பளத்தெரு, கிணற்றடி, விறகுக்கிடங்கு. ஒரு சந்து பொந்து விடவில்லை. கால் மரத்துப்போயிற்று. சுற்றிவந்து வீட்டில் ஈர உடையை மாற்றி, ஒன்றும் அறியாதவர் போல அதே நடை வழியாகச் சபைக்குப் போனார்.

அங்கே ராஜா தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தான். "என் பனியைக் கெடுத்தவன் யார்? வாசலிலிருந்து காலடி போகிறது, பாருங்கள்!"

"அடியைப் பிடித்துக்கொண்டே போனால் ஆள் அகப்படுவான். ஆனால் சேவகர்களும் பனியில் கால் வைக்கக் கூடாதே" என்றார் அரியநாயகர், தாடியைத் தடவியபடி.

"அதற்கு வழி?"

"காலடியைச் சாட்சிக்கு விட்டுவிட்டு, அதன் ஓரமாக ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பனியை அள்ளிக்கொண்டே போகலாம். அள்ளின இடத்தில் ஏது பனி? கால் வைத்தால் குற்றமில்லை."

"செய்யுங்கள். கெட்டது கெட்டுவிட்டது, ஆள் கிடைத்தால் போதும்."

மகரகேது முந்திக்கொண்டார். "அடியேனே பிடித்து வருகிறேன்."

"சீக்கிரம், ஐயா. ஆள் தப்பிவிடப் போகிறான்" என்று விரட்டினார் மந்திரி. அந்த அவசரம் மட்டும் நடிப்பில்லை.

இருநூறு சேவகர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மகரகேது வேர்க்க விறுவிறுக்க முன்னால் போனார். "களவாணிப்பயல், நம்மைக் குழப்பத்தான் சந்து சந்தாகச் சுற்றியிருக்கிறான். விடாதீர்கள், அள்ளுங்கள்!"

மருத்துவச்சி வீடு தாண்டியதும், மொட்டைமாடிச் சேதியைக் கேட்டிருந்த செங்கமலம் கோலை ஊன்றிக்கொண்டு சேவகர்களின் பின்னாலேயே நடந்தாள். கிணற்றடி திறந்ததும் குடங்கள் வந்தன. கிடங்கு திறந்ததும் விறகு வண்டி கிளம்பியது. மந்திரி மட்டும் உப்பரிகையில் நின்று, கம்பளத்தெருப் பக்கமே பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் மகரகேது ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மகாராஜா, காலடி முடிகிற இடம் மந்திரியாரின் வீட்டு வாசல்!"

ராஜா மந்திரியின் பக்கம் திரும்பினான்.

"அமைச்சரே, உண்மையா?"

"உண்மை, மகாராஜா. நடந்தவன் நான்தான். கம்பளத்தெருவில் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடியது. தண்டனை கொடுங்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. "சொன்னது சொன்னதுதான். நாட்டை விட்டுப் போம்."

"உத்தரவு. ஆனால் நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் கணவாயைத் தாண்டவேண்டும். அங்கே பனி ஆளுயரம். வீதி அதிகாரி அதையும் அள்ளிவிட்டால் கிளம்பிவிடுகிறேன். அந்தப் பக்கம் உப்பு வண்டிகளும் வழியில்லாமல் நிற்கின்றன."

மகரகேது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, கணவாயுமா?" என்று முனகினார்.

ராஜா மந்திரியைப் பார்த்தான். வெளியே பார்த்தான். அள்ளின வழியெல்லாம் குடமும் விறகுமாக ஜனங்கள். அப்போது செங்கமலம் படியேறி வந்தாள்.

"பெண் குழந்தை, மகாராஜா. தலை திரும்பாமல் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும்."

ராஜா ஆசனத்திலிருந்து இறங்கி வந்தான். பிறகு தன் தோளில் இருந்த பொன்சரிகைச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான்.

"உத்தரவை எடுத்துவிட்டேன், அமைச்சரே. அழகு பார்க்கிற அவசரத்தில் ஆளைப் பார்க்க மறந்துவிட்டேன்." மகரகேதுவின் பக்கம் திரும்பினான். "ஓய், காலடி இருந்தால்தான் உமக்குப் பனி அள்ள வருமோ?"

மகரகேது தலை குனிந்தார்.

"கணவாய்க்குப் புறப்படும். உப்பு வண்டிகள் உள்ளே வந்த பிறகு நீர் சபைக்கு வந்தால் போதும்."

அரியநாயகர் வீட்டுக்குப் போய் வெந்நீர்த் தவலையில் காலை விட்டு உட்கார்ந்தார். கணவாய்ப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் லேசாகக் கேட்டது. அன்று முழுக்க அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.