தலைவரின் வெள்ளை வேட்டி

மோட்டார் மாட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்கு வந்து சேர்ந்தார் ஊராட்சித் தலைவர் வீரபாகு.

"நீ மாட்டின இன்ஜின் ஒரே வாரத்துல இறுகி நின்னு போச்சு. ஆயில் இல்லாம ஓட்டினா இறுகிரும்னு நீ சொன்னபடி, பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஓட்டினேன். இன்னைக்கே புது இன்ஜின் மாட்டு, இல்லேன்னா கடையைப் பூட்டிருவேன்!"

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மெக்கானிக் சகாயமேரி இன்ஜினைத் தொடக்கூட இல்லை. அவர் வேட்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"வேட்டி பளிச்சுன்னு இருக்கே தலைவரே! வண்டி புகையே விடலியோ?"

தலைவர் மீசையை நீவிக்கொண்டார். "நான் ஓட்டினா புகையுமா? ஏழு நாளும் துளிப் புகை கிடையாது!"

"ஆயில் எரிஞ்சா புகையாத்தானே வரணும்? அப்போ நீங்க கலந்த ஆயில் எங்கே போச்சு தலைவரே?"

கூட்டம் சிரித்தது. தலைவர் குனிந்து வேட்டியைப் பார்த்தார். பாழாய்ப்போனது, பளிச்சென்றுதான் இருந்தது.